யாரும் தொடாத கணினியில் பாதுகாப்பு மென்பொருள் எதை எழுதிக்கொண்டிருக்கிறது?

சுங்கை சிப்புட்டில் லிந்தாங் சாலைப் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணியார் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. வீட்டுக் கணினியில் கோவில் கணக்கும் பேரப்பிள்ளைகளின் படங்களும் தவிர வேறொன்றும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பு மென்பொருள் ஒன்று ஓடுகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் தொடாத நேரத்திலும் பெட்டியின் முகப்பில் உள்ள சிறு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது. எந்த நிரல் வட்டில் எவ்வளவு எழுதுகிறது என்று காட்டும் விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்தால், அந்த மென்பொருளின் பெயருக்கு நேரே விநாடிக்கு ஏறத்தாழ 400 கிலோபைட் எழுதப்படுவதாகக் காட்டுகிறது. ஆனால் வட்டில் மீதமிருக்கும் இடமோ குறையவே இல்லை. அப்படியானால் அது எதை எழுதுகிறது, எங்கே எழுதுகிறது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாற்றிய 256 கிகாபைட் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வட்டு) இதனால் கெட்டுப்போகுமா, மென்பொருளைக் கழற்றிவிடலாமா என்பன அவருடைய ஐயங்கள்.

ஐயா, உங்கள் கேள்வியில் இடம் குறையவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிதான் எனக்கு வழி காட்டியது. விளக்கு மின்னுகிறது என்பதோடு பெரும்பாலோர் நின்றுவிடுவார்கள். கணக்குப் புத்தகத்தோடு வாழ்ந்த கண்ணுக்குத்தான் வரவும் இருப்பும் ஒத்துவராதது உறுத்தும். நான் இந்த ஊரில் கணினி பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன். உங்கள் கணினியை நேரில் பார்க்காமல் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்து இடைவிடாமல் நடப்பது, ஒரே வேகத்தில் நடப்பது, இடம் குறையாமல் நடப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு திசையையே காட்டுகின்றன: அந்த மென்பொருள் தன் வேலையைப் பற்றித் தானே வைத்துக்கொள்ளும் பதிவேடு, அளவுக்கு மீறிய விவரத்தோடு எழுதப்பட்டு, பழைய பக்கங்கள் கிழித்தெறியப்பட்டு, அதே இடத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது. இது சரிதானா என்பதை நீங்களே அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட முடியும்.

முதலில், வைரஸ் தேடுவது அடிப்படையில் படிக்கும் வேலையே தவிர எழுதும் வேலை அல்ல. விண்டோஸில் ஒரு கோப்பைத் திறக்கும் வேண்டுகோள் வட்டைச் சென்றடையும் முன், பாதுகாப்பு மென்பொருளின் வடிகட்டி நிரல் ஒன்றைக் கடந்தாக வேண்டும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்கு அந்த வடிகட்டியின் பெயர் டபிள்யூடிஃபில்டர். மற்றவற்றுக்கும் அது போல ஒன்று உண்டு. தோட்டத்து வாசலில் நிற்கும் ஜாகா வெளியேறும் லோரியை நிறுத்திப் பார்த்து அனுப்புவது போன்றது இது. பார்த்து அனுப்புவதற்குப் பேனா தேவையில்லை. ஆனால் எந்த ஜாகாவும் வெறுங்கையோடு நிற்பதில்லை. வண்டி எண், நேரம், சரக்கு என்று குறிக்க ஒரு புத்தகம் வைத்திருப்பார். சந்தேகமான வண்டியின் சரக்கை இறக்கிப் பார்க்கவும் அவருக்கு ஓர் இடம் வேண்டும். வட்டில் விழும் எழுத்தெல்லாம் இந்த இரண்டிலிருந்து வருவதே.

சரக்கை இறக்கும் வகை எழுத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுருக்கிக் கட்டிய ஸிப் போன்ற கோப்புகளைச் சோதிக்கும்போது பல மென்பொருள்கள் அவற்றைத் தற்காலிகக் கோப்புறையில் அவிழ்த்து வைத்துப் பார்த்துவிட்டு அழிக்கின்றன. வைரஸ் அடையாளங்களின் புதுப்பிப்பு நாளுக்குப் பலமுறை வந்து இறங்குகிறது. டிஃபெண்டர் ஓர் அடிப்படைக் கோப்பையும் அதற்கு மேல் அவ்வப்போதைய மாற்றங்களைக் கொண்ட சிறு கோப்பையும் வைத்துக்கொள்கிறது. ஏற்கெனவே பார்த்து முடித்த கோப்புகளை மறுபடியும் பார்க்காமலிருக்க அவற்றின் குறிப்பு ஒரு தரவுத்தளத்தில் சேர்கிறது. பணம் கேட்டு மிரட்டும் நச்சுநிரல்களிலிருந்து காப்பதற்காக, நீங்கள் திருத்தும் கோப்பின் முந்தைய நகலை எடுத்துவைக்கும் மென்பொருள்களும் உண்டு. இவை எல்லாம் வந்து போகும் எழுத்துகள். நீங்கள் வேலை செய்யும்போது கூடும், புதுப்பிப்பு இறங்கும்போது கொஞ்ச நேரம் எகிறும், பிறகு அடங்கிவிடும். யாரும் தொடாத இரவில் விநாடிக்கு 400 கிலோபைட் என்று ஒரே சீராக ஓடாது.

புத்தகத்தில் குறிக்கும் வகைதான் இங்கே விரிவாகப் பார்க்க வேண்டியது. பாதுகாப்பு மென்பொருளின் பதிவேட்டுக்கு நிலைகள் உண்டு. சாதாரண நிலையில் பிழை நேர்ந்தாலோ வைரஸ் அகப்பட்டாலோ மட்டும் ஒரு வரி எழுதும். மிக விரிவான நிலையில், எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறந்தது, எத்தனை மில்லிவிநாடி ஆனது, எந்த விதியோடு ஒப்பிட்டது என்று ஒவ்வொரு அசைவுக்கும் பல வரிகள் எழுதும். இந்த இரண்டாவது நிலை நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒரு கோளாற்றை ஆராய்வதற்காக வைத்திருப்பது. தொலைபேசியில் உதவி கேட்டால், அதை இயக்கச் சொல்லி, பதிவை அனுப்பச் சொல்வார்கள். வேலை முடிந்தபின் அணைக்கச் சொல்ல மறந்துபோவார்கள். நீங்களோ, உங்கள் பிள்ளைகளோ, மென்பொருளைப் போட்டுத்தந்த கடைக்காரரோ எப்போதாவது உதவி எண்ணை அழைத்ததுண்டா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

அப்படி எழுதினால் வட்டு நிரம்ப வேண்டுமே என்று நீங்கள் கேட்பீர்கள். நிரம்பாமலிருக்கத்தான் சுழற்சி. ஒரு மென்பொருள் 20 மெகாபைட் அளவுள்ள ஐந்து பதிவுக் கோப்புகளை மட்டும் வைத்துக்கொள்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதல் கோப்பு நிரம்பியதும் அதன் பெயர் மாறி இரண்டாவதாகிறது, இரண்டாவது மூன்றாவதாகிறது, ஐந்தாவது அழிகிறது. விநாடிக்கு 400 கிலோபைட் வேகத்தில் 20 மெகாபைட் நிரம்ப 50 விநாடிதான் ஆகும். நான்கு நிமிடம் பத்து விநாடியில் ஐந்து கோப்புகளும் முழுவதுமாக மாறிவிடும். கோப்புறையின் அளவை நீங்கள் எப்போது பார்த்தாலும் 100 மெகாபைட்டை ஒட்டியே இருக்கும். எழுத்து ஓயாது, இருப்பு மாறாது. உங்கள் கணக்கில் இடித்த முரண் இப்படித்தான் தீர்கிறது என்று நினைக்கிறேன்.

இப்படி நடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி ஆசிரியை ஒருவர் தம் மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "தம்பி, இது எந்நேரமும் மூச்சு வாங்குது, ஒரு கேள்வித்தாள் அடிக்க முடியல" என்றார். பழைய வன்தட்டு, டாஸ்க் மேனேஜரில் வட்டு 100 விழுக்காடு, பாதுகாப்பு மென்பொருளின் பெயர் மேலே. எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று வரிவரியாகக் காட்டும் பிராசஸ் மானிட்டரை நான் ஓட்டி, எழுதும் செயல்களை மட்டும் வடிகட்டினேன். திரை முழுவதும் ஒரே கோப்பின் பெயர், கீழிருந்து மேல்வரை. எழுதிய இடத்தைக் காட்டும் எண் மட்டும் வரிக்கு வரி ஏறிக்கொண்டே போனது. ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்னால் ஒரு பெயர்மாற்றம், பிறகு எண் பூச்சியத்திலிருந்து மறுபடியும் தொடங்கியது. அந்தப் பதிவுக் கோப்பின் நகலை நோட்பேடில் திறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. வரிக்கு வரி ஒரு பிரிண்டர் நிரலின் பெயர். அந்த பிரிண்டரை மின்னல் அடித்து எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்களாம். ஆனால் அதன் நிலையைப் பார்க்கும் சிறு நிரல் மட்டும் கணினியிலேயே தங்கி, இல்லாத பிரிண்டரைத் தேடித் தன் அமைப்புக் கோப்பை விநாடிக்குப் பலமுறை திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை திறந்தபோதும் பாதுகாப்பு மென்பொருள் எட்டிப் பார்த்து, பார்த்ததை வரிவரியாக எழுதிவைத்தது. விரிவான பதிவை அணைத்ததும் எழுத்து நின்றது; பிரிண்டர் நிரலை நீக்கியதும் விசிறிச் சத்தமும் நின்றது. குற்றம் எழுதியவர்மேல் பாதி, எழுத வைத்தவர்மேல் பாதி.

அந்த மடிக்கணினி ஏன் அப்படித் திணறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 100 விழுக்காடு என்ற எண்ணைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது எவ்வளவு எழுதப்பட்டது என்பதன் அளவல்ல, வட்டு எவ்வளவு நேரம் வேலையாக இருந்தது என்பதன் அளவு. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிவிநாடி எடுக்கும். வேண்டிய இடம் ஊசியின் கீழ் வரச் சராசரியாக அதில் பாதி. ஊசி நகர்ந்து அந்தத் தடத்துக்குப் போக மேலும் பத்து மில்லிவிநாடி போல. ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய சிறு எழுத்துகள் என்றால் விநாடிக்கு அறுபது எழுதினாலே வட்டுக்கு ஓய்வில்லை. ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால் மொத்தம் விநாடிக்கு 240 கிலோபைட். பார்க்க அற்பமான எண், ஆனால் வட்டு முழுநேரம் வேலை செய்கிறது. எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் ஊசியும் இல்லை. அதனால்தான் உங்கள் கணினி 400 கிலோபைட்டிலும் மந்தமாகவில்லை, விளக்கு மட்டும் மின்னுகிறது.

ஒரு வரிச் செய்திக்கு இத்தனை எழுத்து எப்படி வருகிறது என்பதற்கும் உங்கள் பழைய வேலையிலேயே உவமை இருக்கிறது. காலையில் பெரட்டுக் களத்தில் வந்தவர் பெயரைக் கைப்புத்தகத்தில் குறித்து, பிறகு செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஏற்றி, மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலுக்கு எடுத்து எழுதியிருப்பீர்கள். ஒருவர் ஒரு நாள் வேலைக்கு வந்தார் என்ற ஒரே செய்தி மூன்று இடங்களில் எழுதப்பட்டது. தரவுத்தளங்களும் அவ்வாறே, மின்சாரம் போனால் கணக்குக் குழம்பக்கூடாது என்பதற்காக, மாற்றத்தை முதலில் ஒரு முன்குறிப்புக் கோப்பில் எழுதி, அது வட்டில் உறுதியாகப் பதிந்த பிறகே உண்மையான இடத்தில் எழுதுகின்றன. அதுவும் எழுத்தெழுத்தாக அல்ல, பக்கம் பக்கமாக; நூறு பைட் மாறினாலும் 4 கிலோபைட் பக்கம் ஒன்று முழுமையாக எழுதப்படும். அதற்கும் கீழே, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறை தன் மாற்றங்களுக்கென்று தனியாக ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. மேலே ஒரு வரி, கீழே நாலைந்து எழுத்து.

எஸ்எஸ்டி கெட்டுப்போகுமா என்ற அச்சத்துக்கு வருகிறேன். விநாடிக்கு 400 கிலோபைட் என்பது நாள் முழுவதும் ஓடினால் 34.5 கிகாபைட், ஆண்டுக்கு ஏறத்தாழ 12.6 டெராபைட். 250 கிகாபைட் அளவுள்ள பெயர்பெற்ற எஸ்எஸ்டிகளுக்கு உற்பத்தியாளர்கள் உறுதி கூறும் எழுத்தளவு, குருஷியல் எம்எக்ஸ் 500க்கு 100 டெராபைட், சாம்சங் 870 இவோவுக்கு 150 டெராபைட். உங்களுடையதும் அந்தத் தரத்தில் இருந்தால், இரவு பகலாக இப்படியே எழுதினாலும் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும் அந்த எல்லையைத் தொட. இரவு படுக்கப் போகும்போது கணினியை அணைத்துவிடுபவராக இருந்தால் இன்னும் கூடுதல். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரல், உங்கள் எஸ்எஸ்டி அந்தத் தகவலைத் தருமானால், வாங்கிய நாளிலிருந்து மொத்தம் எத்தனை கிகாபைட் எழுதப்பட்டது என்பதைக் காட்டும். இன்றைய எண்ணையும் ஒரு வாரம் கழித்து வரும் எண்ணையும் குறித்து வைத்துக் கழித்துப் பாருங்கள். ரிசோர்ஸ் மானிட்டர் சொல்வதைவிட அதுவே நம்பத்தக்க கணக்கு. ஆகவே வட்டைக் காப்பாற்ற இன்றிரவே எதையும் பிடுங்கிப் போட வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் காரணம் தெரியாமல் ஒரு வேலை நடப்பதை விட்டுவைப்பதும் சரியில்லை.

கண்டுபிடிக்கும் முறைக்கு வருவோம். ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் என்ற தாவலுக்குப் போய், மேல்பகுதியில் அந்த மென்பொருளின் பெயருக்கு முன் உள்ள சிறு கட்டத்தில் குறியிடுங்கள். கீழே டிஸ்க் ஆக்டிவிட்டி என்ற பகுதியில் அந்த மென்பொருள் தொடும் கோப்புகளின் முழுப் பெயர்கள் மட்டும் வரும். எழுதும் அளவைக் காட்டும் நெடுவரிசையின் தலைப்பைச் சொடுக்கினால் மிகுதியாக எழுதப்படுவது மேலே வந்து நிற்கும். அந்தப் பெயரைப் பாருங்கள். புரோகிராம் டேட்டா கோப்புறைக்குள் அந்த நிறுவனத்தின் பெயர், அதற்குள் லாக் என்றோ டிரேஸ் என்றோ முடியும் கோப்பு என்றால் என் ஊகம் சரி. அங்கே காட்டப்படும் எண் கடைசி ஒரு நிமிடத்தின் சராசரி என்பதையும் மறக்கக்கூடாது. ஒரே ஒரு முறை பெரிதாக எழுதிவிட்டு ஓய்ந்த நிரலும் சிறிது நேரத்துக்கு எழுதிக்கொண்டே இருப்பது போலத் தெரியும்.

இங்கே ஆளைத் தவறாக அடையாளம் காட்டும் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, டாஸ்க் மேனேஜரின் விவரப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஐஓ ரைட் பைட்ஸ் என்ற எண். பலர் அதை வட்டில் எழுதியதாக எடுத்துக்கொள்கிறார்கள்; ஆனால் அது வலைத்தொடர்பு, சாதனங்கள் ஆகியவற்றுக்கு அனுப்பியதையும் சேர்த்த கணக்கு. பாதுகாப்பு மென்பொருளின் சேவையும் அதன் வடிகட்டியும் ஓயாமல் தங்களுக்குள் பேசிக்கொள்பவை. அந்தப் பேச்சும் அதில் ஏறிவிடலாம், வட்டை ஒரு பைட்கூடத் தொடாமல். மற்றொன்று இதற்கு நேர்மாறானது. நிரல்கள் எழுதுவது பெரும்பாலும் முதலில் நினைவகத்தில் தங்கி, பின்னர் விண்டோஸின் சோம்பல் எழுத்தர் என்று அழைக்கப்படும் உறுப்பு, விநாடிக்கு ஒருமுறை விழித்து, தேங்கியதில் எட்டில் ஒரு பங்கு அளவில் வட்டுக்கு அனுப்புகிறது. அப்போது எழுதியவர் பெயராக சிஸ்டம் என்று, செயல்முறை எண் 4 என்று, தெரியக்கூடும். உண்மையில் எழுதச் சொன்னவர் வேறொருவர். எனவே சிஸ்டம் என்று கண்டால் விண்டோஸைத் திட்டாமல், அது எந்தக் கோப்பை எழுதுகிறது என்று பாருங்கள். கோப்பின் பெயர் உரிமையாளரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்கு மேலும் துல்லியம் வேண்டுமானால் பிராசஸ் மானிட்டர். சிசின்டர்னல்ஸ் என்ற பெயரில் மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996இல் தொடங்கிய கருவித் தொகுப்பில் இருந்து வந்தது. 2006இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிக்கொண்டது, இன்றும் இலவசமாகத் தருகிறது. திறந்ததும் ஆயிரக்கணக்கான வரிகள் கொட்டும், மிரள வேண்டாம். வடிகட்டியில் செயல் என்பது ரைட் ஃபைல் ஆக இருந்தால் மட்டும் காட்டு என்று கொடுத்து, கணினியைத் தொடாமல் ஐந்து நிமிடம் விட்டு, பதிவை நிறுத்துங்கள். பிறகு டூல்ஸ் பட்டியலில் ஃபைல் சம்மரி என்பதைத் திறந்தால், எந்தக் கோப்பில் எத்தனை முறை, மொத்தம் எத்தனை பைட் எழுதப்பட்டது என்று அட்டவணை வரும். கணக்கரான உங்களுக்கு அதைப் படிக்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட விடாதீர்கள். அது சேகரிப்பதெல்லாம் நினைவகத்தில் குவிகிறது. இன்னொன்று, அதன் இயல்பான வடிகட்டி சிஸ்டம் செய்யும் வேலைகளையும் கோப்பு முறையின் உள்ளேடுகளையும் மறைத்தே காட்டும். ஆகையால் அங்கே வரும் கூட்டுத்தொகை ரிசோர்ஸ் மானிட்டரின் கூட்டுத்தொகையோடு ஒத்துவராவிட்டால் திகைக்க வேண்டாம்.

கோப்பின் பெயர் வேறாக இருந்தால் காரணமும் வேறு. தற்காலிகக் கோப்புறையிலோ புதுப்பிப்புக் கோப்புறையிலோ, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எகிறி அடங்குவதாக இருந்தால், புதுப்பிப்பு இறங்குகிறது, பிரிக்கப்படுகிறது, ஏதோ ஒரு சோதனையில் தோற்று அழிக்கப்படுகிறது, மறுபடியும் இறங்குகிறது என்று பொருள். இதிலும் இடம் குறையாது. தோட்டப்புறங்களில் கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்து ஓட்டும் வீடுகளில் இதை நான் அடிக்கடி காண்கிறேன். அங்கே வட்டு தேய்வதற்கு முன் டேட்டா தீர்ந்துபோகும். இரண்டு காவல்காரர்களை ஒரே வாசலில் நிறுத்திய வீடுகளும் உண்டு. ஒன்று எழுதும் பதிவுக் கோப்பை மற்றது சந்தேகத்தோடு திறந்து பார்க்கும். பார்த்ததைத் தன் பதிவில் எழுதும். அதை முதலாவது திறந்து பார்க்கும். வேறொரு முறையான பாதுகாப்பு மென்பொருள் பதிவாகியிருந்தால் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய இரண்டு மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று வழிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. பழையதை நீக்காமல் புதியதைப் போட்டுவிடும் கடைகள் நம் ஊரிலும் இருக்கின்றன என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

இடம் குறையும் வகைக் கோளாறும் நடந்ததுண்டு. 2021 மே மாதத்தில் டிஃபெண்டரின் 1.1.18100.5 என்ற இயந்திரப் பதிப்பில் இருந்த பிழையால், அதன் வரலாற்றுக் கோப்புறைக்குள் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு கோப்புகள் குவிந்தன. சில கணினிகளில் அவை கிகாபைட் கணக்கில் இடத்தை அடைத்தன. அடுத்து வந்த 1.1.18100.6 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்தது. பாதுகாப்பு மென்பொருள்கள் மட்டுமே இப்படி என்று எண்ணவும் வேண்டாம். 2016இல் ஸ்பாட்டிஃபை பாட்டு நிரல் தன் சிறு தரவுத்தளம் ஒன்றை மறுபடியும் மறுபடியும் திருப்பி எழுதி, பாட்டுக் கேட்காத நேரத்திலும் வட்டில் கிகாபைட் கிகாபைட்டாக எழுதியது பெரிய பேச்சானது. அதுவும் புதிய பதிப்பில் தீர்ந்தது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, திறந்திருக்கும் பக்கங்களின் நிலையை இயல்பாக 15 விநாடிக்கு ஒருமுறை சேமிக்கும். உங்கள் பேரப்பிள்ளைகள் உலாவியைத் திறந்தபடியே விட்டுப்போயிருந்தால், அளக்கும் முன் மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் கணக்கில் கலப்படம் ஏறும்.

ஆபத்தான எழுத்து எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பாதுகாப்பு மென்பொருள் பெரும்பாலும் தன் கோப்புறைக்குள் எழுதும். ஆவணங்கள், படங்கள் இருக்கும் கோப்புறையில் ஒவ்வொரு கோப்பாகப் படித்து, அதே பெயரில் விசித்திரமான வால் சேர்த்துப் புதுக் கோப்பு எழுதப்படுவதைக் கண்டால், அது மிரட்டிப் பணம் பறிக்கும் நச்சுநிரலின் நடை. அப்போது யோசிக்காமல் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு மின்சாரத்தை அணையுங்கள். சில மென்பொருள்கள் இந்த நச்சுநிரலைப் பிடிக்கத் தூண்டில் கோப்புகளை அங்கே மறைத்து வைப்பதுண்டு. ஆனால் அவை ஒன்றிரண்டாக அசையாமல் கிடக்கும், வரிசையாக மாறிக்கொண்டே போகாது. எழுதும் நிரல் உண்மையிலேயே நீங்கள் வாங்கியதுதானா என்றும் ஒருமுறை பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் பெயரின்மேல் வலச்சொடுக்கு செய்து, கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்து, அதன் பண்புகளில் டிஜிட்டல் கையொப்பம் அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா என்று சரிபார்த்தால் போதும். டிஃபெண்டரின் சேவையான எம்எஸ்எம்பிஎன்ஜி என்றால், புரோகிராம் டேட்டாவுக்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் டிஃபெண்டர், பிளாட்ஃபார்ம் என்று போகும் கோப்புறையில் அது பொதுவாக இருக்கும். டவுன்லோட்ஸ் கோப்புறையில் அதே பெயரில் ஒன்று ஓடினால் அது வேஷம்.

பதிவேடுதான் காரணம் என்று உறுதியானால், மென்பொருளின் அமைப்புகளில் உதவி, பழுதாய்வு, மேம்பட்ட பதிவு என்று ஏதாவதொரு பெயரில் அந்த விசை இருக்கும். அதை அணைத்துவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். தூங்க வைத்து எழுப்புவது போதாது, சேவை புதிதாகத் தொடங்கினால்தான் சில மென்பொருள்களில் மாற்றம் எடுபடும். பிறகு பதிவுக் கோப்பின் நகல் ஒன்றைத் திறந்து, எந்த நிரலின் பெயர் அதிகம் வருகிறது என்று பாருங்கள். ஆசிரியையின் பிரிண்டர் நிரல் போல ஏதாவது அகப்பட்டால் அதையும் நீக்குங்கள். பதிவுக் கோப்புறையைக் கையால் அழிக்க முயலாதீர்கள்; மென்பொருளின் தற்காப்பு வசதி தடுக்கும், தடுக்காவிட்டாலும் அடுத்த நிமிடமே அவை மறுபடியும் முளைக்கும். எழுத்தைக் குறைக்கிறேன் என்று ஒட்டுமொத்த புரோகிராம் டேட்டாவையும் சோதனையிலிருந்து விலக்கி வைக்கச் சொல்லும் அறிவுரை உலவுகிறது. அதைக் கேட்காதீர்கள். விரிவான பதிவு இயங்கும்வரை எழுத்து நிற்கும் என்று நம்ப முடியாது. விலக்கி வைத்த கோப்புறையில் நச்சுநிரல் வந்து குடியேறத்தான் அது உதவும்.

அணைக்கும் விசையே இல்லை, அல்லது அணைத்தும் எழுத்து நிற்கவில்லை என்றால், கழற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதலில் கோவில் கணக்கை ஒரு யூஎஸ்பி விரலியில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து பிரித்து வையுங்கள். பிறகு விண்டோஸின் நீக்கும் பகுதியிலிருந்து மென்பொருளை எடுத்துவிட்டு, அந்த நிறுவனமே தரும் துப்புரவுக் கருவியையும் ஓட்டுங்கள். வடிகட்டி நிரல் மிச்சம் கிடந்தால் அதுவே அடுத்த தலைவலியாகும். நீக்கி மறுதொடக்கம் செய்ததும் டிஃபெண்டர் தானாக விழித்துக்கொள்ளும். விண்டோஸ் செக்யூரிட்டி பக்கத்தில் பச்சைக் குறி வந்துவிட்டதா என்று பாருங்கள். கணக்கும் படங்களும் மட்டும் உள்ள வீட்டுக் கணினிக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. மீண்டும் வெள்ளி கட்டிச் சந்தாவைப் புதுப்பிப்பதா என்பதை அதன்பின் நிதானமாக முடிவு செய்யலாம். டிஃபெண்டரும் முதல் ஒன்றிரண்டு நாள் எல்லாக் கோப்புகளையும் புதிதாகப் பார்த்துக் குறிப்பெடுக்கும், விளக்கு மின்னும். அந்த இரண்டு நாளில் அளந்து, இதுவும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்றாம் நாள் இரவில் அளந்து பாருங்கள்.

கழற்றாமல் நிறுவனத்திடமே முறையிட விரும்பினால், பிராசஸ் மானிட்டரின் பதிவைச் சேமித்து அனுப்பலாம். வாய்ச்சொல்லுக்குக் கிடைக்காத மரியாதை அந்தக் கோப்புக்குக் கிடைக்கும். ஆனால் சேமிக்கும் பெட்டியில், திரையில் தெரியும் நிகழ்வுகளை மட்டும் சேமி என்ற தேர்வைக் குறியிடுங்கள். முழுவதையும் சேமித்தால், அந்த ஐந்து நிமிடத்தில் கணினியில் திறக்கப்பட்ட எல்லாக் கோப்புகளின் பெயர்களும், உங்கள் பயனர் பெயரும், கோவில் கணக்கு எந்தக் கோப்புறையில் எந்தப் பெயரில் இருக்கிறது என்பதும் அதில் சேர்ந்தே போய்விடும்.